தருமபுரியிலிருந்து வேளாங்கண்ணிக்கு: பாடற்குழு நிதிக்காக நடக்க விரும்புவோருக்கு

எங்கள் பங்கின் (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கோவில் சமூகத்தின்) பாடற்குழுவுக்கு ஒரு நல்ல கீபோர்டு, ஒரு ஜோடி தபலா, இரண்டு மைக் ஆகியவற்றை வாங்குவதற்காகத் தருமபுரியிலிருந்து வேளாங்கண்ணிக்கு இரண்டு முறை நடந்திருக்கிறோம். முதல் முறை திரும்பி வந்தபோது, கையிலிருந்த பணத்தில் பாடற்குழுவுக்கு உரியது எவ்வளவு, மாதாவுக்குப் போட வேண்டியது எவ்வளவு, எங்கள் சாப்பாட்டுக்கென்று கொடுக்கப்பட்டது எவ்வளவு என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. யாரும் எங்களைக் குற்றம் சொல்லவில்லை என்றாலும், இரண்டு குடும்பங்கள் அதன்பின் எங்கள் கையில் எந்தக் காணிக்கையும் தராமல் பங்குத்தந்தையிடமே நேரில் கொடுக்கத் தொடங்கினார்கள். இரண்டாம் முறை எல்லாவற்றையும் தாளில் எழுதிவிட்டுத்தான் காலை வெளியே எடுத்து வைத்தோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பங்குகளில் இப்படி நடக்க நினைக்கும் பாடற்குழுவினர் எங்களைப்போல் இடறக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. எழுத்தில் அனுமதி பெறுங்கள் (மார்ச் மாதம்)

பங்குத்தந்தை தலையசைத்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, எண் 1265இல், எந்தப் பக்தி முயற்சிக்காகவும் தனியாட்கள் மக்களிடம் நிதி திரட்டுவதற்குத் தங்கள் ஆயரின் (பிஷப்பின்) எழுத்து அனுமதியும், நிதி திரட்டப்படும் இடத்து ஆயரின் எழுத்து அனுமதியும் வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. நம் இரண்டு மாவட்டங்களும் தருமபுரி மறைமாவட்டத்திற்குள் (ஓர் ஆயரின் நிர்வாகப் பகுதிக்குள்) அடங்குவதால், உங்கள் பங்கிலும் சுற்றுப் பங்குகளிலும் நிதி திரட்டத் தருமபுரி ஆயர் இல்லத்தின் கடிதம் போதும். ஆனால் ஓமலூரைத் தாண்டும்போதே நீங்கள் சேலம் மறைமாவட்டத்தில் இருப்பீர்கள். திருச்சியும் தஞ்சாவூரும் வேறு மறைமாவட்டங்கள்.

முதல் முறை இது தெரியாமல், வழியில் ஓர் ஊரின் கோவில் வாசலில் ஞாயிறு திருப்பலி (பூசை) முடிந்ததும் எங்கள் பெட்டியை வைத்தோம். அந்தப் பங்கின் தந்தை மிகவும் மரியாதையாகவே கடிதம் கேட்டார், எங்களிடம் இல்லை, பெட்டியை எடுத்து வண்டிக்குள் வைத்தோம். இரண்டாம் முறை, சொந்த மறைமாவட்டத்திற்குள் மட்டும் நிதி திரட்டுவது, வழியில் யாரிடமும் கேட்பதில்லை என்று முடிவு செய்தோம். உங்களுக்கும் அதையே பரிந்துரைக்கிறேன், ஏனென்றால் பல ஆயர் இல்லங்களில் கடிதம் வாங்க அலைவதற்கு ஆகும் செலவும் நாளும் வழியில் கிடைக்கும் தொகைக்கு ஈடாகாது.

விண்ணப்பத்தில் இருக்க வேண்டியவை: பங்குப் பேரவையின் தீர்மான நகல், பங்குத்தந்தையின் பரிந்துரை, எதற்காக எவ்வளவு தேவை என்ற பட்டியல், நடப்பவர்களின் பெயர்கள், நிதி திரட்டும் தொடக்க நாளும் முடிவு நாளும். எங்களுக்குப் பதில் வர ஐந்து வாரங்கள் ஆயின. தவக்காலத்தின் நடுவிலும் புனித வாரத்திலும் ஆயர் இல்லத்தில் வேலை மிகுதியாக இருக்கும் என்பதால், மார்ச் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

2. பணம் எந்தக் கணக்கில் சேரும் என்பதை முடிவு செய்யுங்கள்

பாடற்குழுத் தலைவரின் சொந்த ஜிபே எண்ணை அச்சிட்டு ஒட்டுவது எளிது. அதைச் செய்யாதீர்கள். அந்தப் பணம் அவருடைய சம்பளத்தோடும் கடன் தவணையோடும் கலந்துவிடும், பிறகு அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் தன் வங்கிக் கணக்கு முழுவதையும் பிறருக்குக் காட்டித்தான் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். பாடற்குழுவின் பெயரில் தனிக் கணக்கு தொடங்கலாம் என்றால், பதிவு செய்யப்படாத குழுவுக்கு விதிமுறை, தீர்மானம், குழுவின் பெயரில் பான் அட்டை என்று வங்கி கேட்கும். ஒரு முறை நடப்பதற்காக அவ்வளவும் தேவையில்லை. பங்கின் கணக்கிலேயே பணத்தைச் சேர்த்து, பங்கு அலுவலகத்தில் 'பாடற்குழு நடைப்பயண நிதி' என்று தனிப் பேரேடு ஒன்றைத் திறக்கச் சொல்லுங்கள். கியூஆர் அட்டையும் பங்கின் பெயரிலேயே இருக்கட்டும்.

இங்கே இரண்டு பொறிகள் உள்ளன.

ஒன்று, வெளிநாட்டுப் பணம். வளைகுடாவில் வேலை செய்யும் நம் ஊர்ப்பிள்ளை இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும்வரை, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் தொகை வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. ஆனால் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் அனுப்புவது, அவர் எலத்தகிரியிலேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்திற்குள் வந்துவிடும். அதற்குத் தனிப் பதிவும், புதுதில்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் வேண்டும். பங்கின் சாதாரணக் கணக்கில் அந்தப் பணம் விழுந்தால் சிக்கல் உங்களுக்கு அல்ல, பங்குக்கு. ஆகவே அப்படிப்பட்ட உறவினர்களிடம் முன்கூட்டியே, "செபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள், பணம் அனுப்ப வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.

மற்றொன்று, நன்கொடை தருபவருக்கு உரிய, 80ஜி என்று வழக்கில் சொல்லப்படும் வரிச்சலுகை. குறிப்பிட்ட ஒரு சமயத்தவரின் நலனுக்கான நிறுவனங்களுக்குத் தரும் பணத்துக்கு அது பொதுவாகக் கிடைப்பதில்லை. ஓசூரில் கம்பெனி வேலையில் இருப்பவர்கள் கட்டாயம் கேட்பார்கள். ஆயர் இல்லத்தின் கணக்குப் பிரிவில் கேட்டுத் தெளிவு பெறாமல் 'உண்டு' என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள்.

3. நான்கு வகைப் பணத்தைப் பிரித்து வையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். வேளாங்கண்ணிக்கு நடக்கிறோம் என்று சொன்னவுடன், கிறிஸ்தவர்கள் மட்டுமல்லாமல் தெருவில் உள்ள இந்துக் குடும்பங்களும் பணத்தோடு வருவார்கள். ஆனால் எல்லோரும் பாடற்குழுவுக்குக் கொடுப்பதில்லை.

முதல் வகை, பாடற்குழு நிதி. இரண்டாவது, "வழியில் பிள்ளைகளுக்கு ஒரு வேளை சோறு வாங்கிக் கொடுங்கள்" என்று தரப்படும் உணவுப் பணம். மூன்றாவது, மாதாவின் உண்டியலில் போடச் சொல்லித் தரப்படும் நேர்ச்சைக் காணிக்கை. இது பெரும்பாலும் மஞ்சள் துணியில் முடிந்த காசாக வரும். அதை அவிழ்த்து எண்ணக்கூடாது, முடிச்சோடு அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நான்காவது, வேளாங்கண்ணியில் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சொல்லித் தரப்படும் பூசைக் கருத்துப் பணம்.

ஒரு நோக்கத்திற்காகக் கொடுக்கப்பட்ட காணிக்கையை அந்த நோக்கத்திற்கு மட்டுமே செலவிட வேண்டும் என்பது அதே சட்டத்தொகுப்பின் எண் 1267இல் உள்ள விதி. நாங்கள் முதல் முறை எல்லாவற்றையும் ஒரே தகரப் பெட்டியில் போட்டோம். நாமக்கல்லைத் தாண்டிய ஓர் இரவில் மருந்து வாங்கப் பணம் போதாதபோது, அந்தப் பெட்டியில் கை வைத்தோம். திருப்பி வைத்துவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் எடுத்தோம். ஆனால் எந்தப் பணத்திலிருந்து எடுத்தோம் என்று தெரியாதபோது எதைத் திருப்பி வைப்பது?

இரண்டாம் முறை செய்த ஏற்பாடு இது. வரிசை எண் அச்சிட்ட, கார்பன் நகல் எழுதும் ரசீதுப் புத்தகங்கள் நான்கு. ஒவ்வொரு ரசீதிலும் பெயர், தொகை, தேதி என்பவற்றோடு 'நோக்கம்' என்ற கட்டம். முதல் வகைப் பணம் அந்தந்த வாரமே பங்குக் கணக்கில் செலுத்தப்பட்டது. நடைப்பயணத்தில் அதில் ஒரு ரூபாய்கூட எங்களோடு வரவில்லை. உணவுப் பணம் சமையற்காரரிடம். மஞ்சள் முடிச்சுகள் தனிப்பையில், கொடுத்தவர் பெயர் எழுதிய சீட்டோடு. பூசைக் கருத்துகள் ஒரு நோட்டில், இறந்தவரின் பெயரா, நன்றிக் கருத்தா என்ற விவரத்தோடு. இரண்டு பேர், அதுவும் ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர், ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் ரசீது நகல்களோடு பணத்தை ஒத்துப் பார்த்துக் கையெழுத்திட்டார்கள். இதற்கு வாரம் முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

4. கிலோமீட்டர் உறுதிச்சீட்டு

"தாருங்கள்" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "நாங்கள் நடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு" என்று எழுதி வாங்குவது நன்றாகப் பலன் தருகிறது. தூரம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் என்று கொண்டால், கிலோமீட்டருக்கு 5 ரூபாய் என்பது 1,750 ரூபாய். 10 ரூபாய் என்பது 3,500 ரூபாய். இந்த மொத்தத் தொகையைச் சீட்டிலேயே அச்சிடுங்கள். எங்கள் அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்களின் குழுவில்) ஒரு பெரியவர் கிலோமீட்டருக்கு 100 ரூபாய் என்று ஆர்வத்தோடு எழுதிவிட்டார். மொத்தமே 100 ரூபாய் என்று அவர் புரிந்துகொண்டிருந்தார். 35,000 ரூபாய் என்று சொன்னபோது அவர் முகம் வாடியதை நான் மறக்கவில்லை. சீட்டை மாற்றிக் கொடுத்தோம்.

நடப்பவர் பாதியில் நின்றுவிட்டால் என்ன கணக்கு என்பதையும் சீட்டில் எழுதுங்கள். குழுவில் ஒருவராவது சென்று சேர்ந்தால் முழுத் தூரம் என்று நாங்கள் எழுதினோம். அதை யாரும் மறுக்கவில்லை.

சீட்டு கொடுக்கும் காலமும் முக்கியம். நம் பகுதியில் மா விவசாயிகளின் கையில் காசு புழங்குவது ஜூன், ஜூலையில். ஓசூர், பெங்களூரு வேலைக்காரர்களுக்கு மாத முதல் வாரத்தில். கட்டட வேலை செய்பவர்களுக்குச் சனிக்கிழமை மாலையில். ஜூலை முதல் ஞாயிறு சீட்டு கொடுத்து, பாதித் தொகையைப் புறப்படுவதற்கு முன்பும் மீதியைச் செப்டம்பர் இறுதிக்குள்ளும் வாங்கிவிடுங்கள். முதல் முறை எல்லாவற்றையும் 'வந்த பிறகு' என்று விட்டோம்; உறுதி சொல்லப்பட்ட 1,12,000 ரூபாயில் 71,000 ரூபாய்தான் வந்தது.

5. நாள் குறித்தல்

வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 மாலை கொடியேற்றத்தோடு தொடங்கி, செப்டம்பர் 7 மாலை பெரிய தேர்ப் பவனியும் 8ஆம் தேதி அன்னையின் பிறப்பு விழாவுமாக நிறைவடைகிறது. பெரும்பாலோர் 7ஆம் தேதிக்குச் சென்று சேர நினைப்பார்கள். பாடற்குழுவுக்கு அது பொருந்தாது. 8ஆம் தேதி உங்கள் சொந்தப் பங்கிலும் திருவிழாத் திருப்பலி உண்டு, அதில் பாட ஆள் வேண்டும். ஆகஸ்ட் 15 மாதாவின் விண்ணேற்பு விழாவில் பாடி முடித்து, 20ஆம் தேதி புறப்பட்டு, நாளொன்றுக்குச் சராசரியாக 24 கிலோமீட்டர் நடந்து, செப்டம்பர் 3ஆம் தேதி சேர்ந்து, 5ஆம் தேதி வீடு திரும்புவது எங்களுக்குச் சரியாக அமைந்தது. திருவிழா நாட்களை ஒட்டி நடப்பதால் வழியில் பந்தல்களும் அன்னதானமும் கிடைக்கும்.

இடையில் இரண்டு அல்லது மூன்று ஞாயிறுகள் வரும். எல்லோரும் புறப்பட்டுவிட்டால் பங்கில் திருப்பலிப் பாடல் நின்றுவிடும். ஆர்மோனியம் வாசிப்பவர் இருவர் இருந்தால் ஒருவர் ஊரில் இருக்க வேண்டும். பாடற்குழுவின் பெயரால் பணம் கேட்டுவிட்டு ஞாயிறு திருப்பலியை ஊமையாக விட்டுச் செல்வது சரியல்ல.

6. யாரை அழைத்துச் செல்வது

ஆகஸ்ட் விடுமுறைக் காலமல்ல. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வரும். பள்ளிப் பிள்ளைகளை முதல் நாள் நல்லம்பள்ளி வரை நடக்க வைத்து, பெற்றோரோடு பேருந்தில் திருப்பி அனுப்புங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் யாராவது முழுத் தூரமும் வருவதானால் பெற்றோர் இருவரின் கையெழுத்திட்ட கடிதமும், பொறுப்பேற்கும் உறவினர் ஒருவரும் கட்டாயம். பெண்கள் வருகிறார்கள் என்றால் குறைந்தது மூன்று பேராகவாவது வரட்டும். இரவில் தங்கும் இடத்தில் தனி அறையும் கழிப்பறையும் உண்டா என்று முன்பே பார்த்து வாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் எழுதி வாங்காமல் வரக்கூடாது. அவர்கள் வெறுங்காலில் நடக்கும் நேர்ச்சையை எடுக்கவே கூடாது, காலில் உணர்வு குறைந்திருந்தால் கொப்புளம் புண்ணாகும் வரை தெரியாது.

7. வழி

தருமபுரி, தொப்பூர், ஓமலூர், சேலம், நாமக்கல், தொட்டியம், முசிறி, திருச்சி, தஞ்சாவூர், நீடாமங்கலம், திருவாரூர், கீழ்வேளூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. கிருஷ்ணகிரியிலிருந்து புறப்படுபவர்கள் காவேரிப்பட்டினம், காரிமங்கலம் வழியாக 45 கிலோமீட்டரும் இரண்டு நாட்களும் கூட்டிக்கொள்ளுங்கள். திருச்சிக்குப் பின் கல்லணை, திருக்காட்டுப்பள்ளி வழியாகப் பூண்டி மாதா பேராலயத்தில் ஓர் இரவு தங்கிச் செல்லவும் வழி உண்டு. நாங்கள் இரண்டாம் முறை அப்படித்தான் போனோம், நெடுஞ்சாலை இரைச்சல் இல்லாமல் வயல் நடுவே நடந்தது உடலுக்கு நல்ல ஓய்வாக இருந்தது.

மிகவும் ஆபத்தான இடம் நம் ஊர் வாசலிலேயே இருக்கிறது. தொப்பூர் கணவாயின் இறக்கத்தில் பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் வந்து மோதுவது நாம் அறிந்ததே. அங்கே இருட்டில் ஒருபோதும் நடக்காதீர்கள். முந்தைய இரவு கணவாய்க்கு முன்பே தங்கி, நன்றாக விடிந்த பின், ஒருவர் பின் ஒருவராக, வண்டிகள் எதிரே வரும் பக்கத்து ஓரமாக, பாட்டும் பேச்சும் இல்லாமல் கடந்துவிடுங்கள். மற்ற நாட்களில் காலை 4 மணிக்குப் புறப்பட்டு 10 மணிக்கு நிறுத்தி, மாலை 4 முதல் 6.30 வரை நடப்பது போதும். முதல் ஆளும் கடைசி ஆளும் ஒளிரும் பட்டை தைத்த மேலாடை அணிய வேண்டும். முசிறிப் பகுதியில் சாலையோரம் குறுகல். அங்கே காவிரியைப் பார்த்ததும் குளிக்க இறங்கத் தோன்றும், ஆகஸ்டில் நீர் வரத்து மிகுதியாக இருக்கும் என்பதால் படித்துறையைத் தாண்டி இறங்காதீர்கள்.

8. காவல்துறை, வண்டி, ஒலிபெருக்கி

ஏழு மாவட்டங்களைக் கடப்பீர்கள். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, ஏற்புச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மனுவோடு பெயர்ப்பட்டியல், ஆதார் நகல்கள், பங்குத்தந்தையின் கடிதம், நாள்வாரியாகத் தங்குமிடங்கள், உடன்வரும் வண்டியின் ஆர்சி, காப்பீடு, ஓட்டுநர் உரிம நகல்கள் ஆகியவற்றை இணையுங்கள். ஐந்து நகல்களைக் கையில் வைத்திருந்தால், வழியில் எந்தக் காவல் நிலையத்திலும் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

சாமான் ஏற்ற டாடா ஏஸ் போதும். ஆனால் கால் வலிக்கிறது என்று யாரையும் அதன் பின்பக்கம் ஏற்றாதீர்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு, விபத்து நேர்ந்தால் காப்பீட்டுப் பணமும் கிடைக்காது. நடக்க முடியாதவர் பேருந்தில் அடுத்த தங்குமிடத்திற்குப் போகட்டும்.

ஒலிபெருக்கிக்கு எழுத்து அனுமதி தேவை, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அறவே கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. நாம் காலையில் நடக்கும் முதல் இரண்டு மணி நேரம் அந்த நேரத்தில்தான் என்பதால், ஒலிபெருக்கிப் பெட்டியைக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது.

9. செலவு

நடந்தவர்கள் 9 பேர், ஓட்டுநர், சமையற்காரர், 15 நாட்கள். எங்கள் இரண்டாம் பயணத்தின் கணக்கு:

உணவு 26,400 ரூபாய், வண்டி வாடகை 22,500, டீசல் 4,300, திரும்பிவரப் பேருந்து 4,400, மருந்து 2,800, ரசீது, சீட்டு, பதாகை அச்சு 3,400, தங்கிய கோவில்களுக்குக் காணிக்கை 4,500. மொத்தம் 68,300 ரூபாய், அதாவது நடப்பவர் ஒருவருக்கு ஏறத்தாழ 7,600.

இந்தத் தொகையைத் திரட்டிய நிதியிலிருந்து எடுக்கக்கூடாது. கீபோர்டுக்கென்று ஒரு விதவைத் தாய் கொடுத்த 200 ரூபாயில் நாம் டீசல் போட முடியாது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை மாதம் 1,300 ரூபாய் வீதம் ஒவ்வொருவரும் சேர்த்தோம். இருவரால் இயலவில்லை, அவர்களுடைய பங்கை, உணவுக்கென்றே கொடுக்க முன்வந்த இரண்டு குடும்பங்கள், நோக்கம் எழுதிய ரசீதோடு ஏற்றுக்கொண்டார்கள். இப்படிச் சேர்க்க முடியாவிட்டால் தூரத்தைக் குறைத்து, மறைமாவட்டத்திற்குள்ளேயே பி.பள்ளிப்பட்டி லூர்து அன்னை திருத்தலத்திற்கு நடக்கலாம். உறுதிச்சீட்டு முறை அதற்கும் பொருந்தும்.

10. காலும் தொண்டையும்

புதுச் செருப்போடு புறப்படாதீர்கள். ஜூலை முழுவதும் வாரம் இரண்டு நாள் 10 கிலோமீட்டர், கடைசி இரண்டு வாரம் 20 கிலோமீட்டர் நடந்து பழகுங்கள். கொப்புளத்தின் தோலைப் பிய்க்காமல் பஞ்சு வைத்துக் கட்டுங்கள். உப்புச்சர்க்கரைப் பொட்டலம் ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு. லாரிப் புழுதியில் நடந்துகொண்டே உரக்கப் பாடினால் நான்காம் நாள் குரல் கட்டிவிடும்; செபமாலையை மெல்லிய குரலில் சொல்லி, பயிற்சியை மாலையில் தங்குமிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

11. வேளாங்கண்ணியில்

திருத்தல விடுதி அறைகள் திருவிழா நாட்களில் கிடைப்பது அரிது. தேதி உறுதியானதுமே முயன்று பாருங்கள், இல்லையென்றால் பந்தலில் தங்கத் தார்ப்பாய் கொண்டுபோங்கள். போய்ச் சேர்ந்த அன்றே பூசைக் கருத்துகளைத் திருத்தல அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். மஞ்சள் முடிச்சுகளை இருவர் முன்னிலையில் உண்டியலில் சேருங்கள். அங்கே திருப்பலியில் பாட விரும்பினால் பங்குத்தந்தையின் கடிதத்தோடு மாதங்களுக்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும். நாங்கள் நேரில் போய்க் கேட்டதால் இடம் கிடைக்கவில்லை. கடலில் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். பதினைந்து நாள் நடந்த காலுக்கு அலையை எதிர்த்து நிற்கும் வலு இருக்காது.

12. திரும்பி வந்தபின்

முதல் ஞாயிறே பூசை ரசீதுகளை உரியவர்களிடம் கொடுங்கள். இறந்துபோன கணவரின் பெயரில் பூசை கேட்டவர் அந்தச் சீட்டுக்காகக் காத்திருப்பார். மீதி உறுதித்தொகையை அன்பியம் வாரியாக இருவர் இருவராகச் சென்று வாங்குங்கள். ஒரு முறை நினைவூட்டலாம், இரண்டாம் முறை வேண்டாம். அக்டோபர் முதல் ஞாயிறு, வரவையும் நடைச் செலவையும் இரண்டு தனித் தாள்களில் எழுதி, பங்கு நிதிக்குழுவின் கையெழுத்தோடு கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

கருவிகள் வாங்கச் சேலத்திலும் பெங்களூரிலுமாக மூன்று கடைகளில் விலைப்பட்டியல் கேட்டு, பங்கின் பெயரில் ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். பில் பாடற்குழுத் தலைவரின் பெயரில் இருந்தால், அவர் ஊர் மாறும்போது கருவி யாருடையது என்ற கேள்வி எழும். வாங்கிய அன்றே பங்கின் பொருள் பதிவேட்டில் வரிசை எண்ணோடு ஏற்றி, அந்த எண்ணைக் கீபோர்டின் அடிப்பக்கத்தில் அழியாத மையால் எழுதிவிடுங்கள்.